ஒலிபெருக்கியில் பேசிய ராட்சசன்

பிரிஜெட் மேஜைமேல் வைத்த பிளாஸ்டிக் பையில் ஒரு சட்டை இருந்தது. முதுகுப் பக்கம் கோடு கோடாகக் கிழிந்து, காய்ந்த ரத்தத்தில் துணி விறைத்துப் போயிருந்தது.

“இது செத்தவன் ரத்தம் இல்ல மேடம். எங்க ஊட்டுக்காரரு ரத்தம். நேத்து நான் துவைச்சு மடிச்சு ஸ்டேஷன்ல குடுத்த சட்டை. இன்னிக்கு இப்படித் திருப்பிக் குடுத்தாங்க.”

பாகீரதி சட்டையைத் தொட்டுப் பார்த்தார். இன்சூரன்ஸ் கம்பெனிக்காக எரிந்த குடோன்களையும் கவிழ்ந்த லாரிகளையும் வருடக்கணக்கில் ஆராய்ந்துவிட்டு, இப்போது காக்ஸ் டவுனில் ஒரு பேக்கரி மாடியில் சொந்தமாகத் துப்பறியும் அலுவலகம் நடத்துகிறவர். அவர் குரல் உயர்ந்து யாரும் கேட்டதில்லை. எதிரில் இருப்பவர் என்ன பேசினாலும் அவர் கண் அந்த ஆளின் கைமேல்தான் இருக்கும். உதவியாளர் நாகேஷ் இதற்கு நேர்மாறு. முன்னாள் கான்ஸ்டபிள். பாதிக் கதை கேட்பதற்குள் கொலைகாரனைச் சொல்லிவிடுவார். இதுவரை ஒருமுறைகூடச் சரியாகச் சொன்னதில்லை, அதற்காக வெட்கப்பட்டதும் இல்லை.

பிரிஜெட் ஜீவனஹள்ளியில் இருந்து நடந்தே வந்திருந்தாள். அவள் கணவன் மதலைமுத்து தச்சன். ரிச்சர்ட்ஸ் டவுனில் டேரில் என்பவரின் ஒலிப்பதிவுக் கூடத்தில் பின்கதவுத் தாழ்ப்பாள் உடைந்திருந்தது. அதைச் சரிசெய்யப் போனவன், உள்ளே டேரில் மண்டை பிளந்து கிடப்பதைப் பார்த்தான். உயிர் இருக்கிறதோ என்று தூக்கி மடியில் போட்டான். உடம்பெல்லாம் ரத்தமாக அலறிக்கொண்டு வெளியே ஓடிவந்தான். அப்புறம் போலீசுக்கு வேறு என்ன வேண்டும்?

“போன வாரம் அந்தாளு இவரைக் கன்னத்துல அறைஞ்சான் மேடம், பலகை அளவு தப்பாப் போச்சுன்னு. ‘இன்னொரு வாட்டி கை வச்சா அந்தக் கை இருக்காது’ன்னு இவரு எல்லார் முன்னாடியும் சொல்லிட்டாரு. அது போதும்ங்கிறாங்க. ஒத்துக்கடான்னு விரல் மேல தடியால அடிக்கிறாங்க. நாளைக்குக் காலைல கோர்ட்டுக்குக் கொண்டு போறதுக்குள்ள கைநாட்டு வாங்கிடணுமாம்.” பிரிஜெட் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். “அவரு முரடரு, நேத்துவரைக்கும் தாங்கிட்டாரு. இன்னிக்குத் தாங்க மாட்டாரு மேடம். ஒத்துக்குவாரு.”

நாகேஷ் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். “கெளம்பலாம் மேடம். அந்த ரூம்ல என்ன நடக்கும்னு எனக்குத் தெரியும். அதைப் பார்க்க முடியாமத்தானே வேலையை விட்டேன்.”

*

ஒலிப்பதிவுக் கூடம் ஒரு பழைய பங்களாவின் பின்பகுதி. முன்னால் வேலை செய்கிற அறை. அதற்கு அடுத்து, சத்தம் வெளியே போகாதபடி சுவரெல்லாம் பஞ்சு அட்டை ஒட்டிய குரல் அறை. இரண்டுக்கும் நடுவே திரைச்சீலை போட்ட கண்ணாடி. குரல் அறையின் பின்கதவு தோட்டத்தில் திறக்கும். பாகீரதியைப் பழைய வழக்குகளில் அறிந்த இன்ஸ்பெக்டர், முகத்தைச் சுளித்துக்கொண்டுதான் முத்திரையை உடைத்துக் கதவைத் திறந்துவிட்டார்.

உடலை எடுத்துவிட்டார்கள். ஆனால் அறை எல்லாவற்றையும் சொல்லியது. மைக் நிற்கும் கம்பத்தின் இரும்பு அடிப்பாகத்தால் அடித்திருக்கிறார்கள். ஒரு அடியோடு நிற்கவில்லை. கூரைப் பஞ்சுவரை தெறித்திருந்தது. தரையில் ஒரு பல் கிடந்தது. அடித்தவன் மேலும் மழையில் நனைந்த மாதிரி ரத்தம் பட்டிருக்க வேண்டும்.

பாகீரதி மைக் அருகில் இருந்த சின்னத் திரையைக் குனிந்து பார்த்தார். அது இன்னும் எரிந்துகொண்டிருந்தது. சிவப்பு வட்டம் ஒன்று, அதற்குள் ‘-5’ என்று எண்.

“இதை யாராவது தொட்டீங்களா?”

“ஐயோ, எல்லாத்துக்கும் அப்பவே சீல் போட்டாச்சு மேடம்,” என்றார் இன்ஸ்பெக்டர்.

ஒலிப்பதிவாளன் பிரகாஷ் உள்ளே வர மறுத்து முன் அறையிலேயே நின்றான். பாடகி வீணா மூலையில் உட்கார்ந்திருந்தாள். அவள் கழுத்தில் நாலு விரல் பதிந்த நீலத் தடம். யார் விரல் என்று கேட்க அவசியம் இருக்கவில்லை.

“அந்தத் திரையில ஓடுற ஸாஃப்ட்வேர் எதுக்கு?” என்று பாகீரதி கேட்டார்.

“சுருதி மாத்துறதுக்கு மேடம்,” என்றான் பிரகாஷ். “மைக்ல பேசப் பேச, அந்த நிமிஷமே குரலை இறக்கி ஏத்தி வெளிய தரும். டேரில் சாருக்குக் கீச்சுக் குரல். போன் எடுத்தா எதிர்ல ‘சொல்லுங்க மேடம்’பாங்க. அதுல அவருக்கு வெறி. பேய்ப் படத்துக்காகத்தான் இதை வாங்கினாரு. பன்னெண்டு படி இறக்கினா ராட்சசன் உறுமுற மாதிரி இருக்கும். அப்புறம் எங்களைத் திட்டுறதுக்கும் அதேதான். உள்ள உக்காந்துட்டு ஸ்பீக்கர்ல நாள் பூரா ராட்சசன் குரல்லயே பேசுவாரு. அம்மா அக்காவெல்லாம் இழுக்காம ஒரு வாக்கியம் வராது.”

“படத்துல ராட்சசன் இவரேதானா?”

“மொதல் படத்துக்கு ஜெயராமன் சார். பெரிய டப்பிங் ஆர்ட்டிஸ்ட், இடி மாதிரி குரல். அவர் குரலையும் இதே ஸாஃப்ட்வேர்ல கொஞ்சம் இறக்கித்தான் செஞ்சோம். அப்புறம் டேரில் சார் தன் குரல்லயே வருதுன்னு தெரிஞ்சதும் அவரைக் கழட்டி விட்டுட்டாரு. கொலை நடந்த அன்னிக்கு மத்தியானம் ஜெயராமன் சார் ஏன்னு கேக்க வந்தாரு. டேரில் சார் அவர் காலரைப் பிடிச்சு இழுத்துட்டு வந்து, எங்க முன்னாடியே மூக்குல குத்தி வெளிய தள்ளினாரு. ‘உன் குரலு செத்துப்போச்சுய்யா, போய் பஸ் ஸ்டாண்ட்ல மைக் பிடி’ன்னாரு. ஜெயராமன் சார் ஒண்ணும் பேசல. மழை கொட்டுது. மஞ்சள் ரெயின்கோட்டை மாட்டிட்டுப் போயிட்டாரு.”

“அதுக்கப்புறம்?”

“சார் உள்ள போய் ஸ்பீக்கர்ல வீணாவைத் திட்டினாரு. இவ அழுதுகிட்டே பாத்ரூம் போயிட்டா. கொஞ்ச நேரம் கழிச்சு மதலைமுத்து வந்தாரு. நான் பட்டனை அமுக்கி, ‘சார், கார்ப்பென்டர் வந்திருக்காரு’ன்னேன். ‘கொஞ்ச நேரம் கழிச்சு அனுப்பு’ன்னு ராட்சசன் குரல் வந்துச்சு. ரெண்டு பேரும் டீ குடிச்சோம். அப்புறம்தான் அவர் உள்ள போனாரு.”

“அதான் மேடம் கேஸ்,” என்றார் இன்ஸ்பெக்டர். “கேட்ட கேள்விக்குப் பதில் வந்திருக்கு. ரெக்கார்டிங் இல்ல, உயிரோட இருந்த ஆளு. அதுக்கப்புறம் உள்ள போனவன் ஒருத்தன்தான்.”

பாகீரதி பிரகாஷைப் பார்த்தார். “அந்தப் பதில்ல திட்டு ஏதாவது இருந்ததா?”

“இல்ல மேடம். நானே, ‘என்னடா இது, இன்னிக்கு மூடு நல்லா இருக்கே’ன்னு நெனச்சேன்.”

நாகேஷ் அதற்குள் தெருமுனைவரை ஓடித் திரும்பியிருந்தார். பாகீரதியின் காதருகே வந்து, “ஜெயராமனை விட்ருங்க மேடம். இவங்க டீ குடிச்ச நேரத்துல அவரு முனை பேக்கரிக்குத் தொப்பலா நனைஞ்சு வந்து சேர்ந்து பன் தின்னுட்டு இருந்திருக்காரு. பேக்கரிக்காரன் தலை துவட்டத் துண்டு குடுத்தானாம். கொலை பண்ணது இந்தப் பொண்ணு வீணா. கழுத்தைப் பாருங்க. நானா இருந்தா எப்பவோ போட்டிருப்பேன்,” என்றார்.

“ஜெயராமனை வரச் சொல்லுங்க. ஸ்பீக்கரைச் சோதிக்கணும், உதவி வேணும்னு மட்டும் சொல்லுங்க,” என்றார் பாகீரதி. “அவர் வந்ததும் நீங்க தோட்டத்துக்குப் போங்க. பின்கதவுல இருந்து தெருவரைக்கும் எதையும் விடாதீங்க, தொட்டி, சாக்கடை, புதர் எல்லாம்.”

“எதைத் தேடணும்?”

“தொப்பலா நனைஞ்சவரோட ரெயின்கோட்டை.”

நாகேஷின் வாய் அகலத் திறந்தது. அதை மூட அவருக்குச் சற்று நேரம் பிடித்தது.

*

ஜெயராமன் சலவை மடிப்பு கலையாத சட்டையில் வந்தார். மூக்கின்மேல் பிளாஸ்திரி. ‘வணக்கம்’ என்ற ஒரு சொல்லுக்கே மேஜைமேல் இருந்த டீ கிளாஸ் அதிர்ந்தது. அப்படிப்பட்ட குரல்.

கண்ணாடியை மறைத்த திரைச்சீலை விலக்கப்பட்டிருந்தது. சின்னத் திரையில் எண்ணை பாகீரதி முன்பே மைனஸ் பன்னிரண்டுக்கு மாற்றி வைத்திருந்தார். அதை இன்ஸ்பெக்டருக்கு மட்டும் சொல்லியிருந்தார்.

“ஒவ்வொருத்தரா உள்ள போய் உங்க பேர், ஊரைச் சொல்லுங்க. வெளியில எவ்வளவு தெளிவாக் கேக்குதுன்னு பார்க்கணும். அவ்வளவுதான்.”

பிரகாஷ் தரைக் கறையை மிதிக்காமல் நின்று பேசினான். ஒலிபெருக்கியில் சேற்றில் மாட்டிய எருமை மாதிரி வந்தது. காதில் மாட்டிய ஹெட்ஃபோனில் அதைக் கேட்டும் அவன் திரையைத் தொடவில்லை. எப்போது வெளியே வருவோம் என்று பதறி ஓடிவந்தான். வீணா பேசினாள். சளி பிடித்த தடியன் ஒருவனின் குரல் வந்தது. அவளும் திரையைத் தொடவில்லை.

ஜெயராமன் உள்ளே போனார். ஹெட்ஃபோனை மாட்டினார். “என் பெயர் ஜெய...” என்று தொடங்கினார். சாக்கடை அடைத்துக்கொண்ட மாதிரி ஒரு கொப்புளிப்புத்தான் வந்தது. அவர் முகம் கோணியது. எத்தனை ஆண்டு மைக் முன்னால் நின்ற மனிதர்! தன் குரல் அப்படி நாறுவதை அவர் காது பொறுக்குமா? யோசனையே இல்லாமல் வலது கை நீண்டது. சிவப்பு வட்டத்தைத் திருப்பியது. “என் பெயர் ஜெயராமன்,” என்றார் மறுபடி.

முன் அறையில் ராட்சசன் உறுமினான். பிரகாஷின் கையில் இருந்த டீ கிளாஸ் கீழே விழுந்து உடைந்தது. வீணா காதைப் பொத்திக்கொண்டு, “அவன்தான், அதே குரல்தான்!” என்று கத்தினாள்.

பாகீரதி பட்டனை அமுக்கினார். “எண் என்ன ஜெயராமன்?”

அவர் திரையைப் பார்த்தார். மைனஸ் ஐந்து. கண்ணாடிக்கு அப்பால் அவர் கை வட்டத்திலிருந்து சட்டென்று விலகியது.

“கீச்சுக் குரல்காரர் டேரிலுக்குப் பன்னெண்டு படி இறங்கணும்,” என்றார் பாகீரதி, குரல் மாறாமல். “வீணாவை அந்த எண்ணுலதான் திட்டினாரு. ஆனா கொலைக்கப்புறம் திரையில இருந்தது அஞ்சு. செத்தவரு எண்ணை மாத்த மாட்டாரு. தச்சருக்கு இது என்னன்னே தெரியாது. அந்த ராட்சசன் குரலுக்கு அஞ்சே படி போதும்னா, பேசினவருக்கு டேரிலைவிட ரொம்ப கனமான குரல். பிரகாஷ் அப்ப தச்சரோட வெளிய இருந்தாரு, வீணா குரல் பன்னெண்டு இறக்கியும் ராட்சசன் ஆகல. இப்ப எல்லாரும் கேட்டோம்.”

உள்ளே ஜெயராமனின் கை மைக் கம்பத்தைப் பற்றியது. பாகீரதி தொடர்ந்தார்.

“நீங்க பதில் சொல்லத் திட்டம் போட்டு வரல. தோட்டத்து வழியா வந்தீங்க, அடிச்சீங்க. திடீர்னு பிரகாஷ் கூப்பிட்டாரு. பதில் இல்லேன்னா கதவைத் திறப்பாரு. உங்க கை அன்னிக்கும் இப்படித்தான் தானாப் போயிருக்கு. மொதல் படத்துல பழகின எண்ணுக்கு. வேற யாராவது இருந்திருந்தா இருந்த எண்ணுலயே உளறிட்டு ஓடியிருப்பாங்க. ரெயின்கோட்டோட போனவர் நனைஞ்சு வந்து நின்னப்பவே எனக்குச் சந்தேகம். கோட்டை ஏன் கழட்டணும்? அதுல மழை மட்டும் இல்ல.”

மைக் இன்னும் திறந்தே இருந்தது. ஜெயராமன் சிரித்தார். ஒலிபெருக்கியில் ராட்சசன் சிரித்தான்.

“ஆமா. நான்தான். என் குரலைத் திருடினான். திருடிட்டு, செத்துப்போச்சுன்னான். மண்டையில அடிச்சேன். கீழ விழுந்து கத்தினான் பாருங்க, அந்தக் கீச்சுக் குரல்ல! அதைக் கேக்கக் கேக்க அடிச்சேன். அந்தக் கீச்சு நிக்கிற வரைக்கும் அடிச்சேன்!”

அடுத்த கணம், சோதனைக்காக வைத்திருந்த புது மைக் கம்பம் கண்ணாடியை உடைத்துக்கொண்டு வந்தது. சில்லுகள் பிரகாஷின் நெற்றியைக் கிழித்தன. கதவை உதைத்துத் திறந்த ஜெயராமன் நேரே பாகீரதியின் தலைக்கு ஓங்கினார். சரியாக அந்த நேரம் தோட்டத்தைச் சுற்றி முன்வாசல் வழியே வந்த நாகேஷ் நடுவில் பாய்ந்தார். இரும்பு அவர் தோளில் இறங்கியது. எலும்பு முறிந்த சத்தம் எல்லாருக்கும் கேட்டது. நாகேஷ் விடவில்லை, ஒற்றைக் கையால் ஜெயராமனின் இடுப்பைக் கட்டிக்கொண்டு அவரையும் இழுத்துக்கொண்டு கண்ணாடிச் சில்லுகள்மேல் விழுந்தார். இன்ஸ்பெக்டரும் இரண்டு காவலர்களும் மேலே விழுந்து அமுக்கினார்கள்.

நாகேஷின் அசைக்க முடியாத கையில் ஒரு மஞ்சள் ரெயின்கோட் சுருண்டிருந்தது. “தண்ணித் தொட்டிக்குள்ள மேடம்,” என்றார், பல்லைக் கடித்துக்கொண்டு. “மடிப்புல ரத்தம் அப்படியே இருக்கு. நான்... நான் வீணான்னு சொன்னதை மறந்துடுங்க.”

*

பொழுது சாயுமுன் ஸ்டேஷனில் லாக்கப் கதவைத் திறந்தார்கள். கைநாட்டு வாங்கத் தயாராக மை டப்பா மேஜைமேல் திறந்தே இருந்தது.

மதலைமுத்து சுவரைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தான். ஒரு கண் மூடி வீங்கியிருந்தது. பிரிஜெட் ஓடிப்போய் அவன் கையைப் பிடித்தாள், அவன் வலியில் அலறியதும் பதறிப் பிடியை விட்டாள். வலது கை விரல்கள் கறுத்துப் பருத்து, ஒவ்வொன்றும் ஒரு திசையில் வளைந்திருந்தன. உளி பிடிக்கிற விரல்கள்.

“நான் ஒத்துக்கல பிரிஜெட்,” என்றான் அவன். “அடிச்சுப் பார்த்தாங்க. ஒத்துக்கல.”

அவள் அவன் மார்பில் முகம் வைத்து வாய்விட்டு அழுதாள். இன்ஸ்பெக்டர் கன்னடமும் தமிழுமாகச் சமாதானம் சொன்னார். “ஆய்த்து ஆய்த்து, எல்லாம் முடிஞ்சுபோச்சும்மா. உண்மையான ஆளு கிடைச்சிட்டான். வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க.”

பிரிஜெட் நிமிர்ந்தாள். கண்ணீரைத் துடைக்கவில்லை.

“அந்த மிஷின்ல நம்பரைத் திருப்பினா எந்தக் குரலும் வேற மாதிரி ஆயிடுமாமே சார். வழியில மேடம் சொன்னாங்க. எங்க ஊட்டுக்காரரு விரலு பழைய மாதிரி ஆகணும்னா, எதைத் திருப்பணும்? நீங்க சொல்லுங்க.”

இன்ஸ்பெக்டர் மை டப்பாவின் மூடியைத் தேடி எடுத்து மூடினார். பாகீரதி மதலைமுத்துவின் இடது பக்கம் போய்த் தாங்கிக்கொண்டார். தோளில் கட்டுப்போட்ட நாகேஷ், நல்ல கையால் வாசலில் ஒரு ஆட்டோவை நிறுத்தி, “ஆஸ்பத்திரிக்கு விடுப்பா, மெதுவாப் போ,” என்றார்.