இரண்டு சிரிப்பான்கள்

சோதனைச் சாவடியில் ரோஸ்லினின் செருப்பை வாங்கி வைத்துக்கொண்டு, காட்டுக்கென்றே இருக்கும் ரப்பர் காலணிகளைக் கொடுத்தார்கள். அடுத்து கிருமி நீக்கும் புகையறை, பிறகு மூச்சுவடிகட்டி. நாகர்கோவில் பள்ளியில் உயிரியல் டீச்சராக இருந்து ஓய்வுபெற்றவள் அவள். பதினான்கு வருடம் காத்திருந்து கிடைத்த ஒருநாள் அனுமதி என்பதால் எல்லாவற்றுக்கும் பொறுமையாகக் கைகளை நீட்டினாள்.

வழிகாட்டி பகவதி மேல்மலையில் பிறந்தவள், வீடும் அங்கேயேதான். சோலைக்குள் நுழைந்ததும் நான்கைந்து பறவைகளின் குரல்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டன.

"எல்லாம் ஒரே கரிச்சான்தான் டீச்சர். இல்லாம போன பறவைங்க குரலைக்கூட, தாய் கத்துறதைக் கேட்டுக் குஞ்சு படிச்சுக்கிடுது."

அதனால் அந்த மலையில் ஒலியுணரிகளை யாரும் நம்புவதில்லை. படங்களை யார் வேண்டுமானாலும் உருவாக்கிவிடலாம் என்பதால் அவையும் செல்லாது. நேரில் கண்ட இரண்டு பேர் சாவடியில் விரல்ரேகை வைத்தால்தான் பதிவாகும். கண்டது அற்றுப்போனதாக அறிவிக்கப்பட்ட பறவையென்றால் மலை நாற்பது ஆண்டுகளுக்கு அடைக்கப்படும். குடியிருப்பவர்களும் இறங்கியாக வேண்டும்.

பத்து மணிவாக்கில் மஞ்சுமூட்டம் விலகியபோது ரோஸ்லின் தொலைநோக்கியை இறக்காமல் நின்றுவிட்டாள். காட்டுநாவல் கிளையில் சாம்பல் மார்பு, கண்ணுக்கு மேல் வெள்ளைக் கோடு. இன்னொன்று அதன் கழுத்தைக் கோதிக்கொண்டிருந்தது. சிரிப்பான்கள். இந்த இனம் அற்றுப்போய்விட்டது என்று அவளே பல வருடம் பாடம் நடத்தியிருக்கிறாள்.

அவை பறந்துபோன பிறகுதான் அவள் தொலைநோக்கியை இறக்கினாள்.

"நான் ஒண்ணும் பார்க்கலை பகவதி," என்றாள் ரோஸ்லின். "ஒரு நாள் வந்துட்டுப் போறவ நான். அதுக்காக நீ வீட்டை விட்டு எறங்கணுமா?"

பகவதி பாறையில் உட்கார்ந்தாள். "மூணு வருஷம் முன்னாடி தனியா வந்தப்ப அஞ்சு இருந்துச்சு. ஒருத்தர்கிட்டயும் சொல்லலை. இந்தப் பக்கம் யாரையும் கூட்டிட்டும் வரலை. போன வருஷம் மூணு. இப்ப ரெண்டு."

"பிறகு இன்னைக்கு ஏன் என்னைக் கூட்டிட்டு வந்தே?"

"இன்னும் ஒரு வருஷம் போகட்டும்னு விட்டா ஒண்ணுதான் மிச்சமிருக்கும்னு தோணிச்சு."

சாவடியில் முதலில் விரலை வைத்தவள் பகவதி. அடுத்து ரோஸ்லின் வைத்தாள். அலுவலர் எழுந்து நின்று இருவருக்கும் கைகொடுத்தார். பிறகு, மேல்மலைக்காரர்களுக்குப் பதினைந்து நாள் அவகாசம் என்று குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

வெளியே வந்து ரோஸ்லின் தன் செருப்பை மாட்டிக்கொண்டாள்.

"நாப்பது வருஷம் கழிச்சு எனக்கு எண்பத்தொண்ணு," என்றாள் பகவதி. "ஏறுறதுக்குக் கால் இருக்குமா, தெரியலை."

ரோஸ்லின் அவள் கையைப் பிடித்தாள். "எங்க வீட்டு மாடியிலிருந்து மலை தெரியும். மழை பெய்ஞ்சு விட்ட காலையில நல்லாவே தெரியும்," என்றாள்.