முதல் பயணி

காலையில் ஸ்டுடியோவின் விளக்குகளை ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டே வந்து, தோல் ஒட்டும் பசையின் நெடியும் ராத்திரி முழுக்க ஓடிய ஏசியின் சில்லிப்பும் மூக்கில் ஏற, காரின் மேல் கிடந்த சாம்பல் துணியை அவள் இழுத்தபோது, உள்ளே யாரோ உட்கார்ந்திருப்பது போல் இருந்தது. யாரும் இல்லை. ஓர் இருக்கைதான் அப்படி இருந்தது.

கண்காட்சியில் வைக்க ஒன்றே ஒன்றாகச் செய்த கார் அது. ஸ்டீயரிங் கிடையாது, பிரேக் கிடையாது, தானே ஓடும். எதிரெதிராக நான்கு இருக்கைகள், சுற்றிலும் ஒரே வளைவாகக் கண்ணாடி. ஆள் இல்லாதபோது நான்கு இருக்கைகளும் கூழாங்கல் மாதிரி மழமழவென்று கிடக்க வேண்டும். யாராவது உட்கார்ந்தால் தோலுக்கு அடியில் உள்ள காற்றுப் பைகள் உப்பி, அவரவர் முதுகுக்கும் தோளுக்கும் தக்கபடி தாங்கிக்கொள்ளும். அந்த இருக்கை, கதவின் உட்புறம், கை படும் இடம் எல்லாமே அவள் வரைந்தவை. ஒரு கைப்பிடிகூடக் கண்ணில் படக் கூடாது என்று அடம் பிடித்ததும் அவள்தான்.

இப்போது இடப்பக்கத்து இருக்கை மட்டும் உப்பியிருந்தது. நடு முதுகுக்கு லேசாகக் குழிவு. வலது தோள் இடதைவிட ஒரு விரல்கடை தாழ்வு. பதினைந்து வருடம் ஒரே தோளில் பையை மாட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் போன கணக்கு வாத்தியாரின் தோள் அது. அவள் கணவனுடையது. அவன் தூக்கத்திலேயே போய்ச் சேர்ந்து எட்டு மாதம் ஆகியிருந்தது.

பல் பிடுங்க ஊசி போட்டுக்கொண்டவர்கள் கன்னத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்ப்பார்களே, அப்படித் தன் மனதை ஒரு தடவை தொட்டுப் பார்த்தாள். இருந்தது. வலிக்கவில்லை. எட்டு மாதமாகவே இப்படித்தான்.

தையல்காரர் கடையில் பொம்மை நிற்பது போல, இந்தத் தொழிலில் எல்லாவற்றுக்கும் ஓர் அளவு ஆள் வேண்டும். சாயங்காலம் அவளைக் கூப்பிட்டுப் போக வந்து சும்மா நின்றுகொண்டிருந்தவனை ஒருநாள் பிடித்து உட்கார வைத்தார்கள். அதோடு மாட்டிக்கொண்டான். மூன்று மாதம், தினமும் ஒரு மணி நேரம், அந்த இருக்கையில் சாய்ந்து பரீட்சைத் தாள் திருத்தினான். ஸ்டுடியோவே அவனை ‘அளவு மாப்பிள்ளை’ என்று கூப்பிட்டது. அவன் எப்படி இருமுவான், எழும்போது எந்தக் கையை ஊன்றுவான், போதும் என்பதை எந்தக் குரலில் சொல்வான் என்று எல்லாவற்றையும் கார் கற்றுக்கொண்டது. கண்காட்சி தேதியை முன்னால் இழுத்தபோது புது ஆளைப் பதிய நேரமில்லாமல், அவனுடைய பதிவையே அப்படியே தூக்கி ‘முதல் பயணி’ என்ற இடத்தில் வைத்தாள். முதல் பயணி சொன்னால் கார் கிளம்பும். அவர் போதும் என்றால் நிற்கும். அவர் உள்ளே இல்லாவிட்டால் மற்றவர்கள் பேச்சைக் கேட்கும்.

மென்பொருள் பார்க்கும் இளைஞன் டேப்லெட்டோடு வந்தான்.

“என்னக்கா, உக்காந்து பாத்தீங்களா?”

“இப்பதான் துணியவே எடுத்தேன்.”

அவன் திரையைப் பார்த்தான். “முதல் பயணி உள்ள இருக்கார்னு காட்டுது. எழுபத்திரண்டு கிலோ.” சொன்னவுடனே நாக்கைக் கடித்துக்கொண்டான். “சென்சார் கோளாறுக்கா. பசை சரியா காயலேன்னா இப்படித்தான் உளறும்.”

“சரிப்பா.”

“அந்தப் பதிவ அழிச்சிடுங்கன்னு மூணு மெயில் போட்டேன்க்கா. உங்க பாஸ்வேர்டு, நான் கை வைக்க முடியாது.”

“இன்னைக்கு அழிச்சிடறேன்.”

அவன் டேப்லெட்டை அவளிடம் கொடுத்துவிட்டு நகர்ந்தான். ‘முதல் பயணியை நீக்கவா?’ என்று திரை கேட்டது. கீழே ‘ஆம்’, ‘பிறகு’ என்று இரண்டு பொத்தான்கள். அவள் ‘பிறகு’வை அழுத்தினாள். நாலாவது தடவை. கணவனின் சட்டைகளை ஒரு சொட்டுக் கண்ணீர் விடாமல் மூட்டை கட்டிக் கொடுத்தவள்தான். ஆனால் அவன் முதுகு இந்த உலகத்தில் மிச்சம் இருப்பது இந்த ஓர் இருக்கைக்குள் மட்டும்தான். அதைத் தன் விரலால் தட்டையாக்க அவளுக்கு மனம் வரவில்லை.

மதியம் ஸ்டுடியோ தலைவர் வந்தார். காரின் உடம்பில் வெளிச்சம் ஓடும் கோட்டைத் தவிர வேறெதையும் பார்க்காத மனிதர் என்பதால் அவருக்குக் ‘கோடு’ என்று பெயர்.

“சாயங்காலம் படம் எடுத்துடலாம். சூரியன் இறங்குற அந்த இருபது நிமிஷம்தான், அப்பதான் கோடு வழவழன்னு விழும். ஸ்கூல் விட்டதும் பொண்ணக் கூட்டிட்டு வந்துடும்மா. குழந்தை மட்டும் உள்ள உக்காரட்டும், காலு தரையத் தொடாம தொங்கணும். பாக்கறவன் மனசு அப்படியே உருகணும்.”

“தனியாவா சார்?”

“பதினஞ்சு கிலோமீட்டர் வேகத்துல ஒரே ஒரு சுத்து. சைக்கிள்ல போறவன் முந்திட்டுப் போவான். ரிமோட்டு நம்ம தம்பி கையில இருக்கும்.”

இருக்கை உப்பியிருப்பதைச் சொல்லியிருக்கலாம். சொன்னால் படப்பிடிப்பு நிற்கும், பதிவை உடனே அழிக்கச் சொல்வார்கள். படம் முடிந்ததும் நானே அழிக்கிறேன் என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். அது பொய் என்று அவளுக்கே தெரிந்திருந்தது.

மகளுக்கு ஏழு வயது. வாய் மூடாமல் பேசியதால் அவளுக்குச் சிட்டு என்று பெயர் வைத்தவன் அப்பாதான். அவன் போனபின் கேட்டதற்கு மட்டும் பதில் சொல்கிற பிள்ளையாகிவிட்டாள். ஸ்டுடியோவின் பின்பக்கம், உயரமான மதிலுக்குள் முட்டை வடிவில் ஓடும் சோதனைப் பாதையில் கார் நின்றிருந்தது. வெயில் மஞ்சளாகச் சரிந்திருந்தது. தார் சூடாக மணத்தது. அந்த வெளிச்சத்தில் கார் உண்மையிலேயே அழகாக இருந்தது. கதவு தானே விலகியதும் சிட்டு ஏறினாள். நான்கு இருக்கையையும் ஒரு முறை பார்த்தாள். யோசிக்காமல், உப்பியிருந்த இருக்கைக்குப் பக்கத்து இருக்கைக்குப் போனாள்.

“கொஞ்சம் நகருங்க,” என்றாள், யாரையும் பார்க்காமல்.

உப்பியிருந்த இருக்கை புஸ்ஸென்று காற்றை விட்டு ஓர் ஓரமாகச் சுருங்கியது.

தாய் ஓர் அடி பின்வாங்கினாள். பயம் என்பது இதுதான் போலிருக்கிறது என்று தன்னையே தூரத்திலிருந்து கவனித்தாள். கையில் டேப்லெட் இருந்தது, ஒரு விரல் போதும். ஆனால் இப்போது அழித்தால் அந்த முதுகு குழந்தையின் கண் முன்னாலேயே தட்டையாகிவிடும். மகளின் முகத்தைப் பார்த்தாள். எட்டு மாதத்துக்குப் பிறகு அந்த முகத்தில் ஏதோ ஒன்று தளர்ந்திருந்தது.

“பயமா இருக்காடா?”

“இல்லம்மா. இங்க கதகதப்பா இருக்கு.”

கதவு மூடிக்கொண்டது.

முதல் சுற்றில் எல்லாம் சரியாக இருந்தது. தார் மேல் டயர் உரசும் சத்தத்தைத் தவிர வேறு சத்தமே இல்லாமல் கார் போனது. கேமராக்காரர்கள் ஓடினார்கள். “ஆஹா, கோட்டப் பாரு, கோட்டப் பாரு” என்று தலைவர் தனக்குத்தானே பேசிக்கொண்டார். கண்ணாடிக்குள் சிட்டு கையசைத்தாள், கால்கள் தொங்கின, அந்தப் படத்தைப் பார்த்தால் கல்மனசுக்காரர்கள்கூடக் கரைந்துபோவார்கள். கார் அவர்கள் முன்னால் வந்து நிற்க வேண்டிய வெள்ளைக் கோட்டுக்கு வந்தது.

நிற்காமல் தாண்டியது.

“இன்னொரு சுத்தா? நல்லதுதான்,” என்றார் தலைவர்.

“நான் ஒண்ணும் பண்ணலியே சார்,” என்றான் இளைஞன்.

இரண்டாவது சுற்றில் சிட்டு ஜன்னல் பக்கம் பார்க்கவில்லை. பக்கத்து இருக்கையைப் பார்த்து அண்ணாந்து எதையோ சொல்லிக்கொண்டிருந்தாள். நிறுத்தி நிறுத்தி, பதிலுக்குக் காத்திருந்து, சிரித்து. அவள் பேசுவதைப் பார்த்தே எத்தனை நாளாயிற்று என்று தாய் நினைத்தாள். நினைத்தவுடன் இளைஞன் பக்கம் திரும்பினாள்.

“நிறுத்துப்பா.”

“அழுத்திட்டுதான்க்கா இருக்கேன்.” அவன் ரிமோட்டின் சிவப்புப் பொத்தானைக் கட்டைவிரல் வெளுக்கும்வரை அழுத்திக்கொண்டிருந்தான். டேப்லெட்டில் ஒரு வரி வந்தது. ‘முதல் பயணி இன்னும் போதும் என்று சொல்லவில்லை.’

அவள் ‘நீக்கவா’ திரையைத் திறந்து ‘ஆம்’ என்பதை அழுத்தினாள். மறுபடி. மறுபடி. பயணி உள்ளே இருக்கும்போது நீக்க முடியாது என்றது திரை. அந்த விதியையும் பாதுகாப்புக்காக இவர்களேதான் எழுதியிருந்தார்கள்.

மூன்றாவது சுற்றில் சிட்டு சரிந்து உட்கார்ந்திருந்தாள். அவள் தலை காற்றில் சாய்ந்திருந்தது. சரியாக ஓர் ஆளின் தோள் உயரத்தில். நெற்றியில் விழுந்த முடி மெல்ல ஒதுங்கி, காதுக்குப் பின்னால் போய் நின்றது.

தாய் பாதையின் நடுவில் போய் நின்றாள். கைகளை விரித்தாள். கார் அவளைப் பார்த்தது. அதுதான் அதன் பெரிய கெட்டிக்காரத்தனம், எதிரில் எது வந்தாலும் அதன் மேல் மோதாது. ஓர் அடி விலகி, பதறாமல், பூப்போல அவளைச் சுற்றிக்கொண்டு போனது. கூடவே ஓடினாள். கதவைப் பிடிக்கப் பார்த்தாள். பிடிக்க எதுவுமில்லை. அவள் தேய்த்துத் தேய்த்து மழமழப்பாக்கிய வளைவில் விரல்கள் வழுக்கின. நகம் கீறியது. கண்ணாடியில் ஓங்கி ஓங்கி அடித்தாள். உள்ளே யாரும் திரும்பவில்லை.

“சிட்டு! கதவத் திறக்கச் சொல்லுடி! அப்பாகிட்ட சொல்லு!”

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கு உறைத்தது.

கண்ணாடி கறுத்தது.

நாலாவது சுற்று. ஒன்றும் தெரியவில்லை.

ஐந்தாவது.

“பேட்டரி ஆறு சுத்துக்குத்தான் வரும்க்கா. படத்துக்குன்னு சின்னதாத்தான் வெச்சோம். தானா நின்னுடும், நின்னுடும்க்கா.” அவன் குரல் உடைந்திருந்தது. தலைவர் யாருக்கோ போன் செய்துகொண்டிருந்தார். கேமராக்காரர்கள் கேமராவை இறக்கியிருந்தார்கள்.

ஆறாவது. டேப்லெட்டில் பேட்டரி பூஜ்யம்.

ஏழாவது.

வெளிச்சம் போய்விட்டது. பாதை சாம்பல். மதில் சாம்பல். டயர் சத்தம் மட்டும். வளைவுக்கு அப்பால். அருகே. இன்னும் அருகே.

அவளுக்கு முன்னால் வந்து கார் நின்றது.

கதவு திறக்கவில்லை. கண்ணாடி மெல்லத் தெளிந்தது. சிட்டு உறங்கிக்கொண்டிருந்தாள். வாய் லேசாகத் திறந்திருந்தது. மார்பு ஏறி இறங்கியது. உயிர் இருக்கிறது. உயிர் இருக்கிறது. எட்டு மாதமாக மரத்துக் கிடந்த இடம் முழுக்க ஒரே நேரத்தில் வலிக்க ஆரம்பித்தது. அவள் கண்ணாடியில் முகத்தை ஒட்டி வைத்துக் கதறினாள்.

“அவள விட்டுடுங்க. நான் வரேன். என்ன ஏத்திக்கோங்க. அவள விட்டுடுங்க.”

உள்ளே எதுவும் அசையவில்லை. பிறகு குழந்தையின் வலது கை மடியிலிருந்து எழுந்தது. விரல்கள் துவண்டு தொங்கின. மணிக்கட்டு மட்டும் உயர்ந்தது. அந்த மணிக்கட்டைச் சுற்றித் தோல், யாரோ பிடித்தாற்போல, அமுங்கியிருந்தது.

கைக்குழந்தையின் கையைப் பிடித்துப் பெரியவர்கள் டாட்டா காட்ட வைப்பார்களே, அப்படி.

இடமும் வலமும். இடமும் வலமும். மகள் கண் திறக்கவில்லை.

கார் கிளம்பியது. பாதை வளைகிற இடத்தில் வளையவில்லை. வெளிவாசல் கதவு அதற்காகத் திறந்தது. ரோட்டின் விளக்குகளுக்கு அடியில், கண்ணாடிக்குள், அந்தச் சின்னக் கை இன்னும் ஆடிக்கொண்டிருந்தது.