மூன்றாம் அலைவரிசை

பௌத்தக் கற்கைகள் பற்றிய அந்தக் கருத்தரங்குக்கு ஷஹீமா வருவது இது ஆறாவது வருடம். வெள்ளவத்தையில் பஸ் ஏறும்போதே மனம் கொதித்துக்கொண்டிருந்தது. பல்கலைக்கழகத்துப் பழைய மண்டபத்தின் பின்சுவரில், நாலு படி உயரத்தில் இருக்கும் கண்ணாடிக் கூண்டுதான் அவளுடைய இடம். வௌவால் எச்சமும் ஈரக் கம்பளமும் கலந்த வாடை அங்கே எப்போதும் நிற்கும். மேடையில் சிங்களத்தில் பேசுவதைக் காதில் வாங்கி, அதே மூச்சில் தமிழில் சொல்ல வேண்டும். 'அவர் சொல்கிறார்' என்பதெல்லாம் அந்தத் தொழிலில் கிடையாது. பேசுகிறவராகவே மாறி, 'நான்' என்றுதான் சொல்ல வேண்டும்.

வேலை கஷ்டமில்லை. கேட்க ஆளில்லாததுதான் கஷ்டம்.

தமிழில் கேட்க விரும்புகிறவர்கள் வாசல் மேசைத் தட்டில் ஹெட்செட் எடுத்துக்கொள்ளலாம்; தமிழுக்கு மூன்றாம் அலைவரிசை. ஆங்கிலத் தட்டு காலையிலேயே காலியாகிவிடும். தமிழ்த் தட்டு வைத்தபடியே இருக்கும். பாளிச் சொல் ஒவ்வொன்றுக்கும் நல்ல தமிழ் தேடி வாரக்கணக்கில் அகராதிகளைப் புரட்டிவிட்டு வருகிறவளுக்கு வயிறு எரியாதா? செவிடன் காதில் ஊதிய சங்கு என்பார்கள். அந்தச் சங்குக்காவது ஒரு செவிடன் இருந்தான். இவளுக்கு அதுவும் வாய்க்கவில்லை.

ஏற்பாடுகளைக் கவனிக்கும் ரொஷேல் வாசலிலேயே பிடித்துக்கொண்டாள். "கோவிக்காதீங்க ஷஹீமா. இண்டைக்கும் ஒரு ஹெட்செட்டும் போகாட்டி, அடுத்த வருஷம் தமிழ்ச் சனலை நிப்பாட்டப் போறாங்க."

"ஒத்தராவது எடுத்தா?"

"ஒருத்தர் போதும். நான் சண்டை பிடிப்பன்."

மதியத்துக்குப் பிறகு ஒரு பேராசிரியர், 'நான்' என்று நிலையான ஒன்றில்லை என்னும் அனாத்மக் கொள்கை பற்றிப் பேச எழுந்தார். திரையில் படம் காட்டுவதற்காக விளக்குகளை அணைத்தார்கள். மண்டபம் இருண்டதும், ஆட்களின் காதோரத்தில் ஹெட்செட்டுகளின் சின்ன விளக்குகள் தெரிந்தன. ஆங்கிலத்துக்குப் பச்சை. தமிழுக்குச் சிவப்பு.

கடைசி வரிசையில் ஒரு சிவப்பு.

ஷஹீமாவுக்கு நெஞ்சு துள்ளியது. மைக்கைக் கையால் மூடிக்கொண்டு "அல்ஹம்துலில்லாஹ்" என்றாள். அதன் பிறகு அவள் பேசிய தமிழ் அதுவரை அவளே பேசியிராத தமிழ். "நான் என்ற ஒன்றைத் தேடிப் பார்க்கிறேன். உடம்பில் இல்லை. நினைவிலும் இல்லை." கண்ணை மூடிக்கொண்டு, காதில் விழுவதை மட்டும் பிடித்துக்கொண்டு போனாள்.

எந்த இடத்தில் குரல் மாறியது என்று தெரியவில்லை. வயதான ஒருவரின் குரல். ஈரம் கோத்த, அவசரமில்லாத குரல். அடுத்த பேச்சாளராக்கும் என்று அவளும் நிதானமானாள்.

"நான் மூன்று முறை இந்த மேடையில் எழுந்தேன். என் கட்டுரையைத் தமிழில் வாசித்தேன். ஒருவருக்கும் விளங்கவில்லை. மூன்று முறையும் பாதியில் மணி அடித்து இறக்கினார்கள். கடைசியாக இறங்கியபோது, பின்வரிசை நாற்காலியில் போய் உட்கார்ந்தேன். பிறகு எழவில்லை."

தோளில் ஒரு கை விழுந்தது. ஒலிபெருக்கி வேலை பார்க்கும் கொட்டாஞ்சேனை வலன்ரைன்.

"மிஸ், என்ன செய்றீங்க?" அவன் குரல் தணிந்திருந்தது. "எல்லாரும் ரீ குடிக்கப் போய்ட்டாங்க. மேடை மைக்கை நான் அப்பவே நிப்பாட்டிட்டன்."

கண்ணைத் திறந்தாள்.

மேடையில் ஒருவருமில்லை. வரிசை வரிசையாக வெறும் நாற்காலிகள்.

கடைசி வரிசையில் அந்தச் சிவப்பு மட்டும் எரிந்தது.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அந்தக் குரல் சிங்களத்தில் பேசவேயில்லை. தமிழில் வந்ததைத்தான் இவ்வளவு நேரமும் அவள் தமிழில் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறாள்.

"நிப்பாட்டாதேங்கோ," என்றது காதில். "இப்பதான் ஒரு ஆள் என்னைக் கேட்டு முடிக்கப்போகுது."

வௌவால் வாடை கழுத்தருகே வந்தது.

ஹெட்போனைப் பிடுங்கி எறிந்துவிட்டு வெளியே ஓடினாள். வலன்ரைன் கூண்டைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு பின்னால் வந்தான். வாசல் மேசையில் ரொஷேல் தேநீர்க் கோப்பையை அவள் கையில் திணித்தாள்.

"பாருங்க, தட்டு அப்படியே இருக்கு," என்றாள் ரொஷேல் சலிப்போடு. "ஒருத்தரும் தொடல்ல. நான் இனி என்னத்தச் சொல்லிச் சண்டை பிடிக்க?"

பெட்டியில் அடுக்குவதற்கு முன் பற்றரி பார்க்க, ஒரு தமிழ் ஹெட்செட்டைக் காதில் வைத்தாள். முகம் மலர்ந்தது. "அட, எவ்வளவு வடிவாக் கதைக்கிறீங்க ஷஹீமா…"

அவ்வளவுதான். எதிரே மூடிய வாயோடு நிற்கும் ஷஹீமாவைப் பார்த்தாள். பிறகு வலன்ரைன் கையில் இருந்த சாவியைப் பார்த்தாள்.

ஷஹீமா ஹெட்செட்டை வாங்கிக் கேட்டாள். அவளுடைய குரலேதான். வசனத்தின் நடுவில் அவள் மூச்செடுக்கும் விதம்கூட அப்படியே இருந்தது.

"நான் இன்னும் முடிக்கவில்லை. எல்லோரும் வந்து உட்காருங்கள்."

தட்டில் இருந்த ஹெட்செட்டுகளில் சிவப்பு விளக்குகள் ஒவ்வொன்றாக எரியத் தொடங்கின. ஆறு வருடமாக அவள் ஆசைப்பட்டது அதைத்தான்.

கத்துவதற்கு வாயைத் திறந்தாள்.

அவளுடைய குரல் மேலே, பூட்டிய கூண்டுக்குள் இருந்தது.