வார்த்துத் தர ஓர் ஆள்

மொன்றியலின் லாசால் பகுதியில் ஒரு தேவாலயத்தின் நிலவறையில் நடந்த பழைய சாமான் விற்பனையில்தான் யோகராணி அந்தப் பெட்டியை எடுத்துவந்தாள். கழுத்துச் சிறுத்த ஒரு மண்சாடி, பிடியில்லாத ஐந்து குட்டிக் கோப்பைகள். தேநீர்ச் செட் என்று நினைத்தாள். ஆறில் ஒன்று உடைந்திருக்கும், அதுதான் தள்ளிவிட்டிருக்கிறார்கள் என்றும் ஒரு சந்தேகம்.

மேல்மாடி ஞானேந்திரன் யப்பானிய உணவகமொன்றில் கோப்பை கழுவுகிறவன். ஒன்றைக் கவிழ்த்து, அடியிலிருந்த முத்திரையைப் பார்த்துச் சிரித்தான்.

"இது தேத்தண்ணிக்கில்லை அக்கா. அரிசிச் சாராயத்துக்கு. சூடாக்கிக் குடிப்பினம். ஐஞ்சுதான் முழுச் செட்."

"நல்ல சாமான்தான் வாங்கினன்."

"தன்ர கோப்பைக்குத் தானே வார்க்கமாட்டினம். எதிரில இருக்கிற ஆள்தான் வார்க்கவேணும்."

சாராயம் என்ற சொல்லே அவளுக்கு ஆகாது. கணவன் குணரத்தினம் யாழ்ப்பாணத்தில் குடித்தே குடும்பத்தை நாசமாக்கியவன். முதலில் மொன்றியலுக்கு வந்த அவன், இனித் தொடமாட்டேன் என்று கடிதத்துக்குக் கடிதம் சத்தியம் பண்ணியபிறகுதான் எண்பத்தாறில் அவள் வந்து சேர்ந்தாள். மறுபடி தொட்டால் அன்றோடு உறவு முடிந்தது என்று சொல்லியே வந்தாள்.

செட்டைக் கழுவி அலுமாரியின் மேல்தட்டில் வைத்தாள்.

மறுநாள் வேலையால் வந்து கதவைத் திறந்தபோதே புளித்த அரிசி மணம். மேசையில் ஒரு கோப்பை ஈரமாக இருந்தது.

விளிம்பில் உதடு பட்ட தடம்.

குணரத்தினம்தான் என்று முடிவுகட்டினாள். மூன்று நாள் வாயைத் திறக்காமல் கட்டிலடி, குளியலறை, அவனுடைய குளிர்ச்சட்டைப் பை எல்லாம் கிளறினாள். போத்தல் எதுவும் அகப்படவில்லை. கோப்பை மட்டும் நாள் தவறாமல் மேசைக்கு வந்தது. கள்ளன், நன்றாக ஒளிக்கப் பழகிவிட்டான் என்று பல்லைக் கடித்தாள்.

நாலாம் நாள் கேட்டே விட்டாள்.

"பிள்ளையாராணை நான் தொடேல்லை, ராணி. நீர்தான் எடுத்து வைக்கிறீர் எண்டு நினைச்சன்."

"அண்ணாந்து குடிக்கிற எனக்கு எதுக்கு அந்த எச்சில் கோப்பை?"

"கிட்ட வந்து என்ர வாயை மணந்து பாரும்."

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "வெளியில போங்கோ."

அவன் பையைத் தூக்கினான். வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. காலடி ஓசை படியிறங்கி ஓய்ந்ததும் யோகராணி கதவைப் பூட்டினாள்.

பின்னால் அந்த மணம்.

இப்போது சூடாக.

திரும்பினாள். மேசையில் இரண்டு கோப்பைகள். அவளுடைய கதிரைக்கு முன்னால் இருந்தது ததும்ப நிறைந்து ஆவி பறந்தது. எதிரில் இருந்தது வெறுமையாய்க் கிடந்தது. சாடி அவள் கைக்கு எட்டுமிடத்தில் நின்றது.

குணரத்தினத்தின் கதிரை பின்னுக்கு இழுபட்டு, யாரோ அமர்ந்தாற்போல ஒருமுறை முனகியது.

பிறகு அந்த வெறுங்கோப்பை மேசையை உரசிக்கொண்டு அவள் பக்கம் மெல்ல நகர்ந்து வந்தது.