வண்டிக்குள் தூங்குகிறவர்

பூட்டிக் கிடந்த காருக்குள் விளக்கு எரிந்தது.

தையற்காரி ஊசியில் நூல் கோத்தபடியே ஜன்னல் வழியாகப் பார்த்தாள். சாவி ஆணியில் தொங்குகிறது, கணவர் குளித்துக்கொண்டிருக்கிறார், பட்டப்பகலிலும் இருண்டு கிடக்கும் ஷெட்டில் ஈ காக்கை இல்லை. ஆனாலும் காரின் கூரையில் அந்த மஞ்சள் வெளிச்சம், உள்ளே யாரோ உட்கார்ந்து எதையோ தேடுவதுபோல, சீட்டுகளின் மேல் பரவி நின்றது. பிறகு தானாகவே அணைந்தது. அது அணைந்ததும் பானெட்டுக்குள்ளிருந்து கறக், கறக் என்று ஒரு சுரண்டல், மெதுவாக, அவசரமே இல்லாமல், ராத்திரி பல் கடிக்கிறவர் பக்கத்தில் படுத்த மாதிரி கேட்டுக்கொண்டிருந்தது.

சாப்பாடு போடும்போது சொன்னாள். "எலிங்க. வயரைக் கடிக்குது. இன்னிக்கு விளக்கு தானா எரிஞ்சுது."

"எரிஞ்சா எரியட்டும், வெளிச்சத்துல பாத்துக் கடிக்கும்," என்றார் அவர், சோற்றிலிருந்து நிமிராமல். "மெக்கானிக் கிட்ட விட்டா ரெண்டு நாள் பொழப்பு போயிடும். எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தச் சொல்றியா?"

போன மாதம் கடைத்தெருவில் சும்மா நின்ற வேன் ஒன்று அப்படித்தான் எரிந்தது. எலி கடித்த வயர்கள் உரசிப் பொறி பறந்ததாம். அந்த வேனில் ஆள் இல்லை. இந்தக் காரில் ஆள் இருக்கும். வாடகைக் கார் ஓட்டுகிற மனுஷன், ராத்திரியெல்லாம் ஓட்டிவிட்டு வந்தால் தையல் மெஷின் சத்தத்திலும் வீட்டு வெக்கையிலும் படுக்க மாட்டார். எஞ்சினை ஓடவிட்டு ஏசியைப் போட்டு, கண்ணாடிகளுக்குத் திரை மாட்டி, கதவைப் பூட்டி, காருக்குள்ளேதான் தூங்குவார். அதுவும் என்ன தூக்கம், இடி விழுந்தாலும் புரண்டு படுக்கிற தூக்கம்.

சட்டை தைக்க வந்த ஒருத்தி ஏற்கெனவே வழி சொல்லியிருந்தாள்: அந்துருண்டையும் புகையிலையும் துணியில் முடிந்து எஞ்சினுக்குள் வைத்தால் எலி ஏழு தெரு தள்ளிப் போய்விடும். அவர் இரண்டாம் சோறு கேட்டு வாங்கிச் சாப்பிடுகிற நேரத்தில் அவள் சாவியை எடுத்துக்கொண்டு ஷெட்டுக்குப் போனாள். முடிச்சுக்கு, கோட்டு உள்துணியில் வெட்டிப் போட்ட நீலச் சாட்டின். இன்னும் கொஞ்சம் உறைக்கட்டும் என்று மெஷின் கழுவ வைத்திருந்த மண்ணெண்ணெயில் முக்கினாள். எலிக்குச் சூடு பிடிக்கும். சைலன்சர் குழாய் எஞ்சினோடு சேரும் இடத்தில்தான் புழுக்கை அதிகம் கிடந்தது. அங்கேயே செருகினாள். அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் ஒரு வாரத்துக்குக் கிண்டல்.

அவர் காருக்குள் போய்ப் படுத்தார். எஞ்சின் உறுமியது. தையற்காரி காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்தாள், சுரண்டல் இல்லை. எத்தனையோ நாளுக்குப் பிறகு நெஞ்சு லேசாக இருந்தது. ஒரு காலரை முடித்தாள், இன்னொன்றை எடுத்தாள், மெஷினின் தடதடப்புக்கு வாய்க்குள் ஏதோ முணுமுணுத்துப் பாடக்கூடச் செய்தாள்.

அப்போது கருகல் வாசனை வந்தது.

அவள் முதலில் பார்த்தது இஸ்திரிப் பெட்டியை. ஆறிக் கிடந்தது. துணி அசலா போலியா என்று பார்க்க ஒரு நூலை உருவிக் கொளுத்தி மோந்து பார்ப்பது அவள் தொழில் பழக்கம். பருத்தி காகிதம்போல எரியும். பட்டு, தலைமுடி கருகியதுபோல நாறும். இது இரண்டும் இல்லை. இனிப்பாக, பிசுபிசுப்பாக, தொண்டையில் ஒட்டுகிற நாற்றம்.

சாட்டின். உள்துணிச் சாட்டின்.

அவள் வெட்டிய துணி. அவள் போட்ட முடிச்சு.

ஓடினாள். பானெட்டின் இடுக்கில் புகை கசிந்தது. திரையின் ஓரத்தில் விரலளவு இடைவெளி. அதில் அவர் முகம். கண்ணாடியில் ஓங்கி அடித்தாள். "என்னங்க! எந்திரிங்க! தீ!"

அவர் பாதிக் கண் திறந்தார். அவளைப் பார்த்தார். சிரித்தார். ஒரு விரலை நீட்டி, எலிதானே, என்பதுபோல ஆட்டினார். தலையணையைக் காதோடு அழுத்திக்கொண்டு மறுபக்கம் திரும்பிப் படுத்தார்.

"ஐயோ, எலி இல்லைங்க! எலி இல்லை!"

தீ சத்தமே இல்லாமல் எழுந்தது. அவர் எழுந்தபோது முன்கண்ணாடி முழுக்கச் சிவப்பு. கைப்பிடியை இழுக்கிறார். வரவில்லை, வயர் உருகிப் பூட்டு சிக்கிக்கொண்டது. அந்தப் பக்கக் கதவுக்குச் சுவர். அவர் வாய் அசைகிறது. அவள் பெயர்தான். வீட்டுக்குள் ஓடி இஸ்திரிப் பெட்டியை எடுத்துவந்து கண்ணாடியில் அடித்தாள். ஒருமுறை. இன்னொருமுறை. கை வெந்தது. யாரோ இடுப்பைப் பிடித்துப் பின்னால் இழுத்தார்கள்.

எதிர்வீட்டு வெல்டர்தான். அவன் கடப்பாரையோடு இரண்டு தடவை உள்ளே போய், இரண்டு தடவையும் புருவம் பொசுங்கித் திரும்பினான். பிறகு தண்ணீர்க் குழாய் வந்தது. வெகு நேரம் ஊற்றினார்கள்.

அணைந்தபோது காரின் முன்பாதி இல்லை. பின்கண்ணாடி மட்டும் கரி அப்பி நின்றது. உள்ளே பார்க்க ஒருவருக்கும் துணிவில்லை. வெல்டர் அவளைத் தரையில் உட்காரவைத்தான்.

"எலிதான் அக்கா. வயரைக் கடிச்சிருக்கும். நீங்க சொல்லிக்கிட்டேதான் இருந்தீங்க, அண்ணன்தான் கேக்கல. உங்க மேல என்ன தப்பு?"

கூடியிருந்தவர்கள் ஆமாம் என்றார்கள். ஒரு பெண் அவள் தலையைக் கோதிவிட்டாள். மண்ணெண்ணெயும் அந்துருண்டையும் வீசும் விரல்களை அவள் மடிக்குள் ஒளித்துக்கொண்டாள்.

டொக். டொக்.

எல்லோருக்கும் கேட்டது. சத்தம் காருக்குள்ளிருந்து.

"அதுவும்... எலியாத்தான் இருக்கும்," என்றான் வெல்டர்.

எலி சுரண்டும். தட்டாது.

டொக். டொக்.

பின்கண்ணாடியின் கரியை, உள்ளேயிருந்து, ஏதோ ஒன்று வட்டமாகத் துடைக்கத் தொடங்கியது.