பல்லில் கட்டிய பொன்

உருகிய பொன் பேசாது. உருக்கும் மண்கிண்ணமான மூசைக்குள் சமர்த்தாகக் கிடக்கும். அதனால்தான் அந்தச் சின்னச் சத்தம் காதில் விழுந்ததும் பொற்கொல்லன் அந்தெரோஸ் துருத்தியை அழுத்துவதை நிறுத்தினான்.

டக். பல்லோடு பல் இடித்தது போல.

நடுப்பகல்தான். உருகும் பொன்னின் நிறம் வெயிலில் சரியாகத் தெரியாது என்பதால் பட்டறையின் பலகைக் கதவுகளையெல்லாம் சாத்தியிருந்தான். வெளியே ரோமாபுரித் தெரு கழுதைகளின் கனைப்போடும் கொண்டைக்கடலை விற்பவனின் கூவலோடும் இரைந்துகொண்டிருந்தது. உள்ளே கரிப்புகை, எண்ணெய், வேர்வை, அவற்றுக்கு அடியில் எரிந்த முடியின் வாடை. கரியில் ஏதாவது சிக்கியிருக்கும் என்று தனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டான்.

மாலையில் அவன் மகனுக்குப் பெயர் சூட்டு விழா. முதல் இரண்டு பிள்ளைகளும் பெயர் வாங்காமலே போய்விட்டன. பல் முளைக்காத பிள்ளையைச் சிதையில் வைக்கும் வழக்கம் இல்லை. இரண்டும் பின்கட்டு இறவாரத்துக்கு அடியில் மண்ணுக்குள் கிடக்கின்றன. மூன்றாவதையாவது கண்ணேறு அண்டாமல் காக்க வேண்டும். காப்பது 'புல்லா' என்னும் பொன் தாயத்து, பிள்ளையின் கழுத்தில் தொங்குவது.

"அடிமையா இருந்து விடுதலையானவன் நீ. உன் புள்ளைக்குத் தோல் தாயத்து போதாதாக்கும்?" என்று பக்கத்துக் கடைக்காரன் இளித்தான். போதாது. தோல் தாயத்தோடு கிடந்த இரண்டும்தான் மண்ணுக்குப் போயின.

அவனிடமிருந்த பொன் பாதித் தாயத்துக்குத்தான் காணும். மீதியைக் காலையில் கொண்டுவந்தவன் பிணங்களுக்குச் சிதை அடுக்கும் கோர்டுஸ். கந்தல் முடிச்சை அவிழ்த்தான். பல் வரிசையின் வளைவு மாறாமல் ஒரு பொன் கம்பி.

"யாரோடதுய்யா?"

"ஒரு கிழவியோடது. ஆடுற பல்லையெல்லாம் சேத்துக் கட்டியிருந்தா. செத்தும் வாயத் தொறப்பேனாங்குறா. உருவுறதுக்குள்ள கடிச்சுட்டான்னா பாத்துக்கயேன்!" துணி சுற்றிய விரலை ஆட்டிச் சிரித்தான்.

"பல்லுல கட்டினத எடுக்கக் கூடாதேய்யா."

"நீ என்ன நீதிபதியா? போயி உன் புள்ளையப் பாரு."

பிணத்தோடு பொன்னை வைக்காதே, பல்லில் கட்டியதை மட்டும் விட்டுவிடு என்பது சட்டம். ஊரிலுள்ள பொன்னிலெல்லாம் செத்தவர்களுக்கென்று மிஞ்சுவது அது ஒன்றுதான். தெரிந்தேதான் மூசையில் போட்டான். பெற்றவள் மனம் மட்டுமா பித்து?

ஊற்றி ஆறவைத்துத் தகடாக அடித்தான். ஒவ்வொரு அடிக்கும் பின்னால், சுத்தியல் ஓய்ந்த பிறகு, இன்னொரு சத்தம். தகட்டைக் கதவிடுக்கு வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பினான். அடிப்பக்கத்தில் பிறை போல வளைந்து, வரிசையாகப் பள்ளங்கள். நடுவில் ஓரிடம் காலி.

வெள்ளி கலந்திருந்தால் உப்பு வைத்துப் புடம் போட்டுப் பிரிப்பான். செம்பு கலந்திருந்தால் ஈயம் சேர்த்து ஊதிப் பிரிப்பான். பொன்னோடு கலந்த பொன்னை எந்தத் தீயும் பிரிக்காது. அதை அறியாதவன் போல மறுபடி உருக்கினான். மறுபடி அடித்தான். அதே பள்ளங்கள், முன்னைவிட ஆழமாக.

பொழுது சாயத் தொடங்கியது. பள்ளங்கள் உள்பக்கம் போகட்டும், யார் பார்க்கப் போகிறார்கள் என்று இரண்டு கிண்ணங்களாகக் குழித்து, வாயோடு வாய் வைத்துப் பற்றவைத்தான். உள்ளே ஒன்றுமில்லை. அவனே மூடியது.

டக். டக்.

கையிலிருந்து விழுந்தது. தொலையட்டும். சாக்கடையில் எறிந்துவிடலாம். தோல் தாயத்தே போதும்.

கதவு திறந்தது. மனைவி திரிபேனா, கையில் அழுகிற பிள்ளை.

"காலையிலேருந்து கத்துறான். விருந்தாளுங்க வந்தாச்சு. முடிஞ்சுதாங்க?" கீழே கிடந்ததை எடுத்தவள் கண் கலங்கினாள். "ஐயோ, என்ன அழகு!"

"திரிபேனா, அது... வேண்டாம்."

"ஏங்க?"

என்னவென்று சொல்வான்? பிணத்தின் வாயிலிருந்து பிடுங்கியது என்றா? அவள் பிள்ளையைப் பணிமேசையில் கிடத்தி, கயிற்றைக் கோத்துக் கழுத்தில் கட்டினாள்.

அழுகை நின்றது.

"பாத்தீங்களா! கட்டினதும் அடங்கிட்டான். இவன் தங்கிடுவாங்க." சிரித்துக்கொண்டே விளக்கேற்றத் திரும்பினாள்.

அந்தெரோஸ் குனிந்தான். முடிச்சை அவிழ்க்க விரலை நீட்டினான். எரிந்த முடி வாடை. தாயத்தில் இல்லை. பிள்ளையின் மூச்சில்.

டக்.

பிள்ளை வாயைத் திறந்தது. மஞ்சளித்த, தேய்ந்த, நீண்ட பற்கள். நடுவில் ஒன்று இல்லை. எல்லாவற்றையும் இறுக்கிக் கட்டிய பொன் கம்பி.

பல் முளைத்த பிள்ளை. இனி இவனைச் சிதை ஏற்கும்.

கத்த வாயெடுத்தான். அதற்குள் பிள்ளை அவன் விரலைப் பிடித்தது. இழுத்தது. அந்தச் சின்னக் கையிலிருந்து விரலை அவனால் விடுவிக்க முடியவில்லை.

"பசிக்குது போல," என்று திரிபேனா விளக்கின் பக்கமிருந்து சிரித்தாள்.

பிள்ளை அவனையே பார்த்துக்கொண்டு, விரலை மெல்ல வாய்க்குள் கொண்டுபோனது.