பவானிபூரில் ஒரு மைக் கொலை

"வீ...ல்!"

கீழ் வீட்டிலிருந்து கிளம்பிய அலறலில் குருபிரசாத்தின் டம்ளர் நழுவி, சுடச்சுட டீ அவன் பாதத்தில் கொட்டியது.

ஜெயலக்ஷ்மி மாமியின் குரல்!

நொண்டிக்கொண்டே இரண்டிரண்டு படியாகத் தாவினான். பவானிபூரின் அந்தப் பழைய வீட்டில் மாடிப் போர்ஷன் அவனுடையது. கீழே பட்டாபிராமன்... பேங்க் மேனேஜராக இருந்து ரிடையர் ஆனவர்.

கதவு திறந்தே கிடந்தது. சோபாவில் பட்டாபிராமன் வாய் பிளந்து சாய்ந்திருந்தார்.

"குரு! பேச்சு போயிடுத்துடா!" மாமி கையைப் பிசைந்தாள். "அஞ்சு நிமிஷமா ஒரு சத்தம் இல்லே!"

"ஐயையோ! டாக்டருக்கு ஃபோன் பண்ணினேளா மாமி?"

வாய் பிளந்து கிடந்தவர் சீறி எழுந்தார்.

"எனக்கு என்னடா கேடு? லாப்டாப்புக்குடா!"

டைனிங் டேபிளில் கிடந்தது பிரேதம். போன மாதம்தான், 2008 ஜூலையில், மகள் தாராவுக்காக வாங்கிய புத்தம் புது லாப்டாப்!

"மெட்ராஸ்ல இருக்கற என் தங்கைக்கு வீடியோ போட்டுப் பார்த்தேன். 'உங்க மூஞ்சி தெரியறது, குரல் வரலே'ங்கறா. நேத்து நன்னாப் பேசித்தேடா!"

"மைக் போயிருக்கு மாமா. நாளைக்குப் பார்த்துக்கலாமே..."

"நாளைக்கா?" பட்டாபிராமன் சுவர்க் கடிகாரத்தைக் காட்டினார். ஐந்து ஐம்பது. "ஆறரைக்கு நியூஜெர்சியிலேர்ந்து மாப்பிள்ளைப் பையன் மஹாதேவன் வரான்! தாராவோட பேசப் போறான். பிடிச்சுடுத்துன்னா அடுத்த வாரமே நிச்சயதார்த்தம்!"

குருபிரசாத் வந்த வழியே மாடிக்குத் திரும்பப் பார்த்தான்.

அதற்குக் காரணம் இருக்கிறது. இருபத்தேழு வயதுப் பையன், சால்ட் லேக்கில் சர்வீஸ் என்ஜினீயர், எந்த மெஷினையும் பிரித்து மேய்ந்துவிடுவான். ஆனால் மூன்று வருஷமாகத் தாராவைக் காதலிக்கிறான் என்பதை மட்டும் தாராவிடம் சொல்லத் தைரியமில்லை. அசடு!

"ஃபோன்ல பேசிக்கக் கூடாதா மாமா?"

"மூஞ்சியும் குரலும் சேர்ந்து வரணுமாம். பையனோட அம்மா கண்டிஷன்! இன்னிக்குப் பேசலேன்னா அடுத்த பொண்ணைப் பார்க்கப் போயிடுவாளாம்."

"வெளி மைக் ஒண்ணு வாங்கிண்டு வரட்டா?"

"ஞாயித்துக்கிழமைடா! சாந்தினி மார்க்கெட் பூட்டிக் கிடக்கும். உன்னைத்தாண்டா நம்பியிருக்கேன்!"

அப்போது உள்ளறையிலிருந்து தாரா வந்தாள். மயில் கழுத்து நிறத்தில் பட்டுப் புடவை. தலை நிறையப் பூ.

"வா, குரு," என்றாள் சாவகாசமாக. "ரிப்பேரா?"

அந்தத் தெருவில் அவனுக்குச் சின்னவர்கள் எல்லாரும் அவனைக் 'குருதா' என்றுதான் கூப்பிடுவார்கள். வங்காளத்தில் 'தா' என்றால் அண்ணா. தாரா மட்டும் வெறும் குரு என்றாள். அவன் அதையெல்லாம் கவனிக்கிற நிலையில் இல்லை.

துப்பு துலக்க உட்கார்ந்தான்.

ம்யூட் பட்டன்... ஆஃப். பக்கத்துத் துளையில் ஏதாவது ஒயர் செருகியிருக்கிறதா... இல்லை. ஸ்க்ரீனின் மேல் விளிம்பைப் பார்த்தவன் அதிர்ந்தான்.

"மாமி! இது என்ன... மஞ்சளா?"

"சந்தனம்டா! மேல குங்குமம். சுப காரியத்துக்கு உபயோகிக்கறோம், பொட்டு வைக்காம இருக்கலாமா?" மாமி பெருமையாகச் சொன்னாள். "கேமரா மேல படாம வச்சேன். பக்கத்துல துளியூண்டு ஓட்டை. பொட்டு வைக்கறதுக்குன்னே விட்டிருக்கான், பாரேன்!"

"மாமி... அதுதான் மைக்!"

"கிராதகி!" என்று குதித்தார் பட்டாபிராமன். "என் பொண்ணு கல்யாணத்தையே அடைச்சுட்டியேடி!"

குருபிரசாத் ஈரப் பஞ்சால் துடைத்தான். பல் குத்தும் குச்சியால் பட்டும் படாமலும் சுரண்டினான். ஊதினான்.

"ஹலோ... ஹலோ... மைக் டெஸ்டிங்..."

ஊஹூம்! திரையில் சத்தத்தின் அளவைக் காட்டும் பச்சைக் கோடு அசையவே இல்லை.

ஆறு பத்து!

"சந்தனம் கொல்லலே மாமா," என்றான் மெல்ல. "வேற யாரோ..."

மெஷினை அணைத்துப் போட்டான். பிரயோஜனமில்லை. கன்ட்ரோல் பேனலுக்குள் நுழைந்தான். மைக்குகளின் பட்டியல் காலி! ஒரு மைக்கூட இல்லை!

காலி இடத்தில் ரைட் க்ளிக் செய்தான். 'முடக்கி வைத்ததையும் காட்டு' என்று ஒரு வரி வந்தது. தட்டினான்.

வந்து நின்றது மைக். சாம்பல் நிறத்தில், செத்த முகத்தோடு.

யாரோ வேண்டுமென்றே முடக்கியிருக்கிறார்கள்!

யார்? மாமிக்குச் சந்தனம்தான் தெரியும். மாமாவுக்கு மெயில் திறக்கவும் வீடியோ போடவும்தான் தெரியும்.

மெதுவாகத் தலையைத் திருப்பினான். தாரா சீலிங் ஃபேனைச் சுவாரஸ்யமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆச்சாடா?" என்றார் பட்டாபிராமன்.

"அ... ஆயிண்டே இருக்கு மாமா."

"நான் வேஷ்டி மாத்திண்டு வரேன். ஜெயம், நீ விளக்கேத்து!"

இருவரும் உள்ளே போனார்கள். குருபிரசாத் குரலைத் தழைத்தான்.

"நீதானே பண்ணினே?"

"ஆமி கிச்சு ஜானி நா!" என்றாள் தாரா. எனக்கு ஒன்றுமே தெரியாது என்று வங்காளியில் சாதித்தாள். மாட்டிக்கொண்டால் அவளுக்குத் தமிழ் மறந்துவிடும்.

அவன் விரல் மவுஸ் மேல் நின்றது. ஒரு க்ளிக்... மைக் பிழைக்கும். தாரா நியூஜெர்சி போவாள். க்ளிக் செய்யாவிட்டால்? 'என்னால் முடியவில்லை மாமா' என்று ஒரு பொய். போதும்!

உன்னைத்தாண்டா நம்பியிருக்கேன் என்று சொல்லிவிட்டாரே அந்த மனுஷர்!

க்ளிக் செய்தான்.

பச்சைக் கோடு துள்ளியது. ரெக்கார்டரை ஓடவிட்டான்.

"டெஸ்ட்டுக்கு எதையாவது பேசு, தாரா."

"எதை வேணும்னாலுமா?"

"உம்."

தாரா மைக்குக்கு அருகில் குனிந்தாள். கண் கலங்கியிருந்தது, கோபமும் இருந்தது.

"எங்க வீட்டு மாடியில ஒரு மக்கு இருக்கான். ஊர்ல இருக்கற மெஷினெல்லாம் அவனுக்குப் புரியும். ஒரு வருஷமா 'தா'வை விட்டுட்டு வெறும் குருன்னு கூப்பிடறேன், அது புரியலே. அவனைத் தவிர யாரையும் பிடிக்காமத்தான் மைக்கை அணைச்சேன். அதையும் வந்து சரி பண்ணிட்டான், முட்டாள்!"

குருபிரசாத் ஆடிப் போனான். ரெக்கார்டரை நிறுத்தப் போய் அவசரத்தில் எதையோ அமுக்கினான்.

அமுக்கியது, ப்ளே!

நியூஜெர்சி நன்றாகக் கேட்க வேண்டுமென்று பட்டாபிராமன் பெரிய ஸ்பீக்கர் இரண்டு மாட்டி வைத்திருந்தார்.

"எங்க வீட்டு மாடியில ஒரு மக்கு இருக்கான்..." என்று வீடே அதிர்ந்தது. 'முட்டாள்' வரைக்கும் முழுசாக ஓடியது!

பாதி கட்டிய வேஷ்டியோடு பட்டாபிராமன் அறை வாசலில் நின்றார். அவருக்குப் பின்னால் தீப்பெட்டியோடு மாமி.

"அடப்பாவி! உன்னை வீட்டுப் பிள்ளை மாதிரி நெனச்சேனேடா!"

"மாமா... நான்..."

ட்ரிங்... ட்ரிங்... லாப்டாப் அலறியது. ஆறரை!

"பேசுடி! வந்தவன்கிட்ட மரியாதையாப் பேசு! இவனை அப்புறம் கவனிச்சுக்கறேன்!"

திரையில் மஹாதேவன் வந்தான். கண்ணாடி, டை, அசட்டுச் சிரிப்பு. வாய் அசைந்தது.

சத்தம் வரவில்லை!

காதைத் தொட்டுக் காட்டி, கட்டை விரலை உயர்த்தினான். அவனுக்கு இங்கே பேசுவது கேட்கிறது! பிறகு டைப் செய்தான். 'ஸாரி. என் லாப்டாப்பில் மைக் வேலை செய்யவில்லை.'

குருபிரசாத்துக்குத் தொழில் புத்தி முந்திக்கொண்டது.

"ஒண்ணும் கவலைப்படாதீங்க சார்! கன்ட்ரோல் பேனல் போங்க... பட்டியல் காலியா இருக்கா? காலி இடத்துல ரைட் க்ளிக் பண்ணுங்க..."

மஹாதேவன் முகம் வெளிறியது. வேண்டாம் வேண்டாம் என்று இரண்டு கையையும் ஆட்டினான். அந்த நேரம் பார்த்து அவனுக்குப் பின்னாலிருந்து வளையல் போட்ட ஓர் இளம்பெண்ணின் கை நீண்டு, காபிக் கோப்பையை வைத்துவிட்டு, அவன் தலைமுடியைச் செல்லமாகக் கலைத்தது.

கை உறைந்தது. மஹாதேவனும் உறைந்தான்.

கடகடவென்று எழுத்துகள் வந்து விழுந்தன. பட்டாபிராமன் கண்ணாடியை ஏற்றிவிட்டுச் சத்தமாகப் படித்தார்.

"தயவு செஞ்சு... என் மைக்கை... ரிப்பேர் பண்ணாதீங்கோ... அம்மா தொல்லைக்குப் பயந்து... நானேதான்... அணைச்சு வச்சேன்!"

தாரா குபீரென்று சிரித்துவிட்டாள். நியூஜெர்சியும் கைகூப்பி மன்னிப்புக் கேட்டுவிட்டு மறைந்தது.

பட்டாபிராமன் பொத்தென்று சோபாவில் உட்கார்ந்தார்.

"ஏண்டா, உன் வாயால ஒரு தடவை சொல்லேன். இவளைப் பிடிச்சிருக்கா?"

"பிடிச்சிருக்கு மாமா. மூணு வருஷமா. உயிரா."

"இவ்வளவு நாளா வாயில என்ன கொழுக்கட்டையா?" என்றாள் மாமி, கண்ணைத் துடைத்துக்கொண்டு.

"உன் அப்பா அம்மா ஜாம்ஷெட்பூர்லதானே இருக்கா?" பட்டாபிராமன் லாப்டாப்பைப் படாரென்று மூடினார். "ரயிலேறி நேர்ல வரச் சொல்லு. சம்பந்தம் பேச வந்துட்டு அவாளும் மைக்கை அணைச்சுடப் போறா!"

குருபிரசாத் தாராவின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னான்:

"அந்தப் பயமே வேண்டாம் மாமா... எங்கம்மாவை அணைக்கிற பட்டனை எங்கப்பாவே முப்பது வருஷமாத் தேடிண்டிருக்கார்!"